இரண்டு தட்டு

பாயில் இருமுறை தட்டினால் விட்டுவிட வேண்டும்.
முதல் நாள் சொல்லிக்கொடுத்த சட்டம் அது ஒன்றுதான்.

காலை ஐந்தரை. சாட்ஸ்வர்த் மேட்டில் காற்று இன்னும் ஈரம்.
நாலு கிலோமீட்டர் ஓடி, வாந்தியை விழுங்கி,
நொக்வாஸியின் மணிக்கட்டைப் பிடிக்கிறேன்.
கட்டைவிரல் புறங்கையில். திருப்பு, தாழ்த்து.
என்னைவிட ஒரு சாண் உயரம் அவள்;
முழங்கால் மடிந்து பாய்க்கு வருகிறாள்.
தட் தட்.
விடுகிறேன். சிரிக்கிறாள்.

அண்ணன் சாக்ரனின் வலது கை
தேநீர்க் கோப்பையைத் தூக்கும்போது 'கடக்' என்கிறது.
ஃபீனிக்ஸில் ஒரு சனி இரவு, ஆள் மாறிப் பிடித்தார்கள்.
இடது கையால் வேன் கதவை
எத்தனை தடவை தட்டினேன் தெரியுமா, என்பான்.
நான் சீருடைக்கு அளவு கொடுத்த அன்று
ஒன்றும் சொல்லவில்லை;
பூட்ஸுக்குப் பாலிஷ் வாங்கி வந்து வைத்தான்.

இன்றைக்குத்தான் அந்தப் பிடியின் பெயர் தெரிந்தது எனக்கு.
எளிது. பலமே வேண்டாம், இரண்டு விரல் போதும்.

கை தூக்கினேன்:
"சார்ஜன்ட், வெளியே ஒருத்தன் தட்டினால்?"
மொக்கோயேனா விசிலை வாயிலிருந்து எடுத்தார்.
கொஞ்ச நேரம் பாயைப் பார்த்தார்.
"அடுத்த ஜோடி."

நொக்வாஸி மறுபடி கையை நீட்டுகிறாள்.
பிடித்திருக்கிறேன்.
இன்னும் திருப்பவில்லை.