சொடுக்கு

நவம்பரில் மின்கட்டணக் கடிதம் வந்தது.
ப்ரெமர்ஹாஃபனில் நாலரைக்கே இருட்டிவிடும் மாதம்.
என் கூடத்தில் மட்டும் வெப்பக்கடலின் நண்பகல்:
எட்டு விளக்கு, நான்கு பம்பு,
சொட்டுச் சொட்டாய்ச் சுண்ணாம்பு ஊற்றும் இயந்திரம்.
தொகையை இரண்டு முறை கூட்டிப் பார்த்தேன்.
இரண்டு முறையும் அவர்கள் கணக்குதான் சரி.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவள் நான்.
நாற்பது டன் பெட்டியை
முட்டை வைப்பதுபோல் கப்பலில் வைப்பேன்.
ஒரு கடலைக் கலைப்பதற்கு
எனக்கு யாரும் பயிற்சி தந்ததில்லை.

குக்ஸ்ஹாஃபனிலிருந்து ட்யார்க் ஓனன் வந்தார்,
தெர்மோகோல் பெட்டிகளும் உளியுமாக.
மூளைப் பவளம், கொம்புப் பவளம்,
ஊதா உதடு காட்டும் அந்தப் பெரிய மட்டி.
ஒவ்வொன்றையும் தூக்கும்போது விலை முணுமுணுத்தார்,
நான் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல.
நத்தைகளையும் துறவி நண்டுகளையும்
மாடிவீட்டு நிலுஃபர் வாளியில் ஏந்திப் போனாள்,
படி முழுக்க உப்புத் தண்ணீர்.

போகும்போது வாசலில் நின்று சொன்னார்:
கல்லைக் கழுவிவிடாதே.
அதன் ஓட்டைகளில் குடியிருப்பவைதான்
மீன் கழிப்பதைத் தின்று தீர்க்கின்றன.
அவற்றைத் துரத்தினால்
தன் மூத்திரத்திலேயே மூச்சடைத்துச் சாகும் மீன்.
விளக்கைக் கொஞ்சம் கொஞ்சமாய்க் குறை.
செம்பு மருந்தை இதற்குள் ஊற்றவே ஊற்றாதே,
கல் குடித்துக்கொள்ளும்,
வருஷக்கணக்கில் வைத்திருந்து துப்பும்.
நோய் வந்தால் மீனை வேறு தொட்டிக்குக் கொண்டுபோ.

ஆக்கப் பொறுத்தவள்
ஆறப் பொறுக்க மாட்டேனா?
வாரம் ஒரு விளக்கு.
வேலைக்குக் கிளம்புமுன் சோதனைக் குழாய்:
மஞ்சள் என்றால் போய் வரலாம்,
பச்சை என்றால் கோட்டைக் கழற்றிவிட்டு
தண்ணீர் மாற்ற வேண்டும்.
ஒருமுறைதான் பச்சை.

ஐந்தாம் வாரம், பின்னிரவு:
டக்.
கண்ணாடி விரிந்துவிட்டது என்று
இருக்கிற துண்டையெல்லாம் தரையில் போட்டு
டார்ச்சோடு முழங்காலிட்டேன்.
விரிசல் இல்லை. ஒரு சொட்டுக் கசிவில்லை.
டக்.
சொடுக்கு இறால்!
ஆறு வருஷத்துக்கு முன் நானே வாங்கி விட்டது.
பம்புகளின் இரைச்சலில் அதையே மறந்திருந்தேன்.
இன்று ஒரே பம்பு,
அது பேசுவது கேட்கிறது.

ப்ரெமனில் ஒரு கிளாத்தி மீனுக்கு
முன்பணம் கொடுத்து வைத்திருக்கிறேன்.
இறாலை அது சூரியகாந்தி விதைபோல் உடைக்கும்
என்கிறார் கடைக்கார ஹாபெகோஸ்ட் அம்மாள்,
பெருமையாக.
பாட்டிலில் மட்டிச்சதை வைத்துப் பொறி போட்டேன்.
மூன்று இரவு. கிடைத்தது ஒரு முள்புழு.
கல்லைப் புரட்டினால் பிடித்துவிடலாம்,
கல்லைப் புரட்டினால் ஐந்து வாரமும் வீண்.

பவளம் இருந்த இடமெல்லாம் வெள்ளைத் தழும்பு,
அதன்மேல் பழுப்பாய்ப் பாசி ஏறுகிறது.
நடுவே ஒரு வளை.
வாசலில் உளுவை மீன் காவல் நிற்கிறது,
பின்னால் பார்வை மங்கிய இறால்
புல்டோசராய் மணல் தள்ளுகிறது,
ஒரு மீசை எப்போதும் உளுவையின் வாலில்.
உளுவை வாலைச் சிலிர்த்தால்
இரண்டும் உள்ளே.

நேற்று மூடுபனி. கிரேன் அறையிலிருந்து
கீழே கப்பலே தெரியவில்லை.
காதில் டெட்லெஃபின் குரல் மட்டும்:
இடது, இன்னும், இன்னும் ஒரு கை,
நிறுத்து.
நிறுத்தினேன்.

காலையில் ஹாபெகோஸ்ட் அம்மாள் அழைத்தார்.
கிளாத்தி கண்ணாடியைக் கடிக்கிறதாம்.
அடுத்த வாரம் என்றேன்.
போன வாரமும் அதையேதான் சொன்னாய் என்றார்.
ஆமாம் என்றேன்.
தொட்டிப் பக்கமிருந்து
டக்.