தா

எட்டாம் பாடம்: பழங்குடியினரின் பங்களிப்பு.
மொத்தம் பதினொரு வரி, ஒரு படம்.
படத்தில் நிற்பவர் எந்த மலைக்காரரும் இல்லை.
வரைந்தவருக்குத் தெரிந்த இறகையெல்லாம்
ஒரே தலையில் செருகியிருந்தார்.

கடியபட்டணத்தில் விடியுமுன் பஸ் ஏறி
தக்கலையில் மாறி, குலசேகரத்தில் மாறி,
சேலையில் உப்புக்காற்று மணம் போகுமுன்
பேச்சிப்பாறையில் இறங்குகிறவள் நான்.
வகுப்பில் இருபத்தாறு பேர்.
ஒன்பது பேருக்கு வீட்டில் மலையாளம்.
சுபிஷா காணி, அணைக்கு அந்தப் பக்கத்து மலையிலிருந்து
படகில் வருகிறவள்.
ரப்பர் எஸ்டேட் லயத்துக்கு ஆனி மாதம் வந்திறங்கிய
சுக்லால் ஹெம்ப்ரம்: ஜார்க்கண்ட்,
சந்தாலி முழுசாக, இந்தி பாதி,
தமிழில் டீச்சர், சோறு, லீவு.

"பங்களிப்பு என்றால்?"
மழைதான் பதில் சொன்னது, ஓட்டின் மேல்.
கொடுத்தது, என்று பலகையில் எழுதினேன்.
அதுவும் போதவில்லை.
சரி, சாப்பாட்டை எடுங்கள் மக்கா.

அவிச்ச மரச்சீனி. சதைச்ச காந்தாரி மிளகு.
ரின்சியின் டப்பாவில் ரெண்டு துண்டு கைதச்சக்கை.
ஜன்னலுக்கு வெளியே
சிரட்டை கட்டி நிற்கும் ரப்பர் வரிசை.
இதில் ஒன்றுகூட இந்த மண்ணில் பிறந்ததில்லை என்றேன்.
யாரும் நம்பவில்லை.
கடலுக்கு அப்பால் ஒரு காட்டில்
எத்தனை பேர் மயங்கிச் சரிந்த பிறகோ
ஒருத்தி மரச்சீனியின் கட்டை எடுக்கக் கற்றாள்.
ஒருவன் மரத்தைக் கீறிப் பாலெடுத்துப் பந்து உருட்டினான்.
பெயர் தெரியாது. அவர்களில் பலருடைய மொழியே
இப்போது கிடையாது.
சுக்லால், உன் அப்பாவின் பால்வெட்டுக் கத்தி
அவனுடைய கணக்கில்தான் ஓடுகிறது.

(எங்கள் கரை உலகத்துக்குக் கட்டுமரம் என்ற சொல்லைக்
கொடுத்ததையும் சொன்னேன்.
அப்போது மட்டும் என் குரல் கொஞ்சம் உயர்ந்தது.)

சுக்லாலுக்கு விக்கல். காந்தாரி.
"வெள்ளம் குடு, வெள்ளம்" என்றாள் ரின்சி.
புத்தகத்தில் ஊரை அடித்துப் போவது வெள்ளம்,
இங்கே தாகத்துக்குக் குடிப்பதும் அதுதான்.
உங்கள் வீட்டில் இதற்கு என்னடா பெயர்?
செம்பைக் காட்டிக் கேட்டேன்.
"தா" என்றான்,
கடைசியில் ஏதோ ஓர் ஒலியைத் தொண்டையிலேயே விழுங்கி.
செம்பைப் பிடுங்கிவிட்டு இன்னுமா கேட்கிறான் என்று
வகுப்பு சிரித்தது.
அவனும் சிரித்தான், காரணம் தெரியாமல்.
நீர், வெள்ளம், தா.
மூன்றையும் எழுதிவிட்டுத் திரும்பினால்
சுபிஷா கை தூக்கியிருக்கிறாள்.

"ஞங்க என்ன குடுத்தோம் டீச்சர்?"

தயாராகத்தான் வந்திருந்தேன்:
தேன், பச்சிலை, காட்டுவழி, நூறைக்கிழங்கு.
இரண்டாவதிலேயே தலையை ஆட்டிவிட்டாள்.
"எங்களுக்க வயல் அணைக்கு உள்ள கெடக்கு.
அந்த வெள்ளத்துலதானே கீழ எல்லாரும் நட்டது?
அது இந்தப் பாடத்துல உண்டா?"

இல்லை என்றேன்.
சேர்க்கலாம் என்றேன்.
சாக்பீஸை எடுத்து, 'கொடுத்தது' என்ற சொல்லுக்குக் கீழே
கையைக் கொண்டுபோனேன்.

"அங்க எழுதாதீங்க.
குடுத்ததுன்னா
முதல்ல ஒருத்தன் வந்து இத சொல்லியிருக்கணும்."
அவள் விரல் நின்ற இடம் சுக்லாலின் தண்ணீர்.
தா.

அதற்கு மேல் பாடம் நடக்கவில்லை.
மணி அடிக்கும்வரை மழையைப் பார்த்தோம்,
ஆளுக்கொரு மொழியில்.
தேர்வில் இதற்கு ஐந்து மதிப்பெண்.
என்ன எழுதச் சொல்வதென்று இன்னும் தெரியவில்லை.

நாலரைக்குப் படகு வந்தது.
பையை மடியில் வைத்துக்கொண்டு
தன் வயலுக்கு மேலே உட்கார்ந்து
அவள் வீட்டுக்குப் போனாள்.

என் பஸ்ஸுக்குப் பக்கத்தில்
வாய்க்கால் கொஞ்ச தூரம் கூட ஓடி வந்தது.
எப்போதும் தூங்கிவிடுகிற வழிதான்.
அன்று
அது வளைந்து மறைகிறவரை
ஜன்னல் ஷட்டரை இறக்கவில்லை,
சாரல் அடித்தும்.