நாற்பது வெள்ளி

ஊபி தொழிற்பேட்டை, ஐந்தாம் மாடி.
கீழே டயர் கழற்றும் சத்தம்
ஞாயிறன்றும் ஓயாது.
சரக்கு மின்தூக்கியில் ஏறி
இடப்பக்கம் மூன்றாவது இரும்புக் கதவு:
அதுதான் எங்கள் சபை.

அவன் வந்த அன்று
நான் வயர்களைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தேன்.
முகம் பிடிபடவில்லை எனக்கு,
அவ்வளவு இளைத்திருந்தான்.
விரல்தான் தெரிந்தது.
யாரோ இரவல் கொடுத்த பேஸ் கிட்டாரில்
சுருதி பார்க்கும்போது
கட்டைவிரலை மடக்கி
தடித்த கம்பியை இருமுறை தட்டினான்
கதவு தட்டுவதுபோல.
இந்தத் தீவில் ஒருத்தன்தான் அப்படித் தட்டுவான்.

கொர்னேலியு.
சிராங்கூன் சாலைப் பார்களில் கார்னி.
மேடை விளக்கு அணைந்தபின்
கழிவறைக்குள் அரைமணி நேரம்
காணாமற்போகிற கார்னி.
ஒன்பது வருஷத்துக்கு முன்
பெண்டிமியர் அடகுக் கடையில்
என் கீபோர்டை வைத்து
அறுநூறு வெள்ளி வாங்கிய கார்னி.
அன்றிரவு எனக்கு ஒரு கல்யாணக் கச்சேரி.
மணமகளின் அப்பாவிடம்
நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை.
அவர் சொன்னது
எழுத்துக்கு எழுத்து நினைவிருக்கிறது.

போதகருக்கு இது தெரியாது.
"தம்பி சாங்கியிலேர்ந்து வந்திருக்கார்,
மறுவாழ்வு இல்லத்துல இருக்கார்,
நல்லா வாசிப்பாராம்" என்றார்.
நல்லா வாசிப்பான் என்று எனக்குத் தெரியும், பாஸ்டர்.
தலையசைத்தேன்.
சபையில் தலையசைப்பது எளிது.

முதல் பாட்டிலேயே அவனைத் தடுக்கிவிடப் பார்த்தேன்.
சொல்லாமல் பாதியில் அரைக்கட்டை ஏற்றினேன்,
அயோக்கியன் செய்கிற வேலை.
கைதட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு
ஆவியின் அசைவாகத் தெரிந்திருக்கும்.
அவன் பின்னாலேயே வந்தான்.
முன்பெல்லாம் ஓர் இடைவெளி கிடைத்தால்
பத்து சுரம் கொட்டுவான்.
இப்போது ஒன்று.
ஒன்றை வைத்துவிட்டு
காத்திருந்தான்.

வயரைச் சுருட்டக் குனிந்தபோது
காற்சட்டை விளிம்பு ஏறி
கணுக்காலில் கறுப்புப் பட்டை.
ஆறு மணிக்குள் அது இல்லம் திரும்ப வேண்டும்,
அவனையும் கூட்டிக்கொண்டு.

கீபோர்டுக்கு அடியில் ஓர் உறை இருந்தது.
பெயரில்லை. உள்ளே நாற்பது வெள்ளி.
முப்பதாக இருந்திருந்தால்
கசப்பாகச் சிரித்துவிட்டு
வீட்டுக்குப் போயிருப்பேன்.
அடுத்த ஞாயிறும் நாற்பது.
ஏதோ ஓட்டலில் தட்டு கழுவுகிறான் என்றார்கள்.
மூன்றாவது உறையிலிருந்து பிரிக்கவில்லை,
பையின் பக்கவாட்டில் திணித்தேன்,
பழைய பாட்டுத் தாள்களோடு.
பதினைந்து வாரம் என்று
கணக்கு மட்டும்
யாரும் கேட்காமலே தலைக்குள் ஓடியது.

பேசிக்கொள்ளவில்லை நாங்கள்.
கோப்பி வரிசையில் அவன் முன்னால் நின்றால்
எனக்குத் தாகம் போய்விடும்.
ஒரு ஞாயிறு சாட்சி சொல்ல எழுந்தான்.
சிறைக்குள் கர்த்தர் எப்படி வந்தார் என்று கேட்க
எல்லாரும் சாய்ந்து உட்கார்ந்தார்கள்.
"நான் திருடினவங்கள்ல ஒருத்தர்
இங்க இருக்கார்.
இன்னும் என்கூட வாசிக்கிறார்."
அவ்வளவுதான், உட்கார்ந்துவிட்டான்.
ஆமென் சொல்வதா வேண்டாமா என்று
யாருக்கும் புரியவில்லை.
கீழே ஒரு டயர் விழுந்து உருண்டது.

பதினாறாம் ஞாயிறு அவன் வரவில்லை.
கடன் தீர்ந்தது, போய்விட்டான் என்று நினைத்தேன்.
பிறகு, சிறுநீர்ச் சோதனையில் ஏதாவதா?
பிறகு அந்தப் பழைய கழிவறைக் கதவு.
முதல் பாட்டு அடித்தளமின்றித் தொங்கியது.
அவன் சுரங்களை என் இடது கையால்
நானே வாசித்தேன்,
கண் மட்டும் வாசலில்.
கடவுளிடம் எதையும் கேட்டு நெடுநாளாகிறது.
வந்து வாசித்துவிட்டுப்
பிளக்கைப் பிடுங்கிக்கொண்டு போகிறவன் நான்.
அன்று கேட்டேன்.

இரண்டாம் பாட்டின் நடுவே
இரும்புக் கதவு கிறீச்சிட்டது.
முதுகோடு ஒட்டிய சட்டை,
சோப்பு நீரில் வெளுத்துச் சுருங்கிய விரல்கள்.
"விடல அவங்க" என்று வாயசைத்தான்.
கம்பியை இருமுறை தட்டினான்.

என் இடது கையை எடுத்துக்கொண்டேன்.
"மூணாவது வரி, ஈ மைனர்," என்றேன்.
"நீ எப்பவும் அங்க கொஞ்சம் முந்திடுற."