நட்டை முதலில் போடு

சல்மாபாத்தில் ஆகஸ்ட்.
ஷட்டரைத் தூக்கினால் காற்று வருவதில்லை,
ஈரத் துணி ஒன்று வந்து முகத்தில் ஒட்டுகிறது.
பிரேக் ஆயில் டப்பாவைத் திறந்து வைக்காதே, தில் பகதூர்.
அது இந்த ஊர்க் காற்றைக் குடிக்கும்.
குடித்த கணக்கு
பெடலில் கால் வைக்கும்போதுதான் தெரியும்.

முப்பத்திநாலு ஃபோர்டு.
பானெட் இல்லை, மட்கார்டு இல்லை,
நெஞ்சைத் திறந்துகொண்டு நிற்கும் ஷெவர்லே இன்ஜின்.
மறைக்க இடமே இல்லாத வண்டியில்
எல்லாவற்றையும் மறைக்கச் சொல்கிறாள் லுல்வா.
"வயர் தெரியக் கூடாது, குழாய் தெரியக் கூடாது.
நின்றால் போதும்,
எப்படி நின்றது என்று யாருக்கும் தெரிய வேண்டாம்."
பகலில் அவளுக்கு வங்கி வேலை.
கடன் கேட்டு வருகிறவர்களிடம் இல்லை என்று சொல்ல வேண்டும்.
மாலையில் அந்தச் சொல்லை
யார் சொன்னாலும் அவளுக்குக் காது கேட்காது.

ஒன்றரை சூத் குழாய், செம்பும் நிக்கலும் கலந்தது.
வெல்டிங் கம்பியை வளைத்து முதலில் வழி பார்த்தேன்.
மாஸ்டர் சிலிண்டரிலிருந்து சேஸிஸின் உள்பக்கமாக,
கிராஸ் மெம்பர் முதுகில் ஒரு டீ,
அங்கிருந்து வலதும் இடதும்.
ஹெடருக்கு நாலு விரல் தள்ளி.
அவள் கேட்டது இரண்டு விரல்.
இரண்டில் அழகாக மறையும், ஒப்புக்கொள்கிறேன்.
மறைந்தபடியே கொதிக்கும்.

வளைத்தேன். நாலு வளைவு, எங்கும் நசுங்காமல்.
ஃப்ளேரிங் செட்டில் பிடித்து
முனையை விரித்து, உள்ளே மடித்து, இறுக்கினேன்.
ரெட்டை உதடு, மயிரிழை விரிசல் கிடையாது.
நிமிர்ந்தால்
நட் மேஜை மேல் உட்கார்ந்திருக்கிறது.

விரிந்த வாய்க்குள் எந்த நட்டும் ஏறாது.
வந்த முதல் வாரம் செய்த தப்பு,
பதினேழு வருஷம் கழித்து விலாசம் விசாரித்து வந்திருக்கிறது.
தில் பகதூர் சிரிக்கவில்லை.
சிரித்திருக்கலாம்.
முனையை அறுத்தேன்.
இரண்டு அங்குலம் குறைந்த குழாய் டீயை எட்டவில்லை.
குப்பை டிரம்மில் நாலு நல்ல வளைவுகள்.

எட்டு மணிக்கு வந்தாள், ஆபீஸ் செருப்போடு.
சக்கரத்துக்குப் போகும் ரப்பர் ஹோஸைப் பார்த்து
"இது ஏன் தொங்குகிறது?"
வாதாடவில்லை. குட்டை ஹோஸை மாட்டினேன்.
சேஸிஸை ஜாக்கில் ஏற்றிச் சக்கரத்தைத் தொங்கவிட்டு
ஸ்டியரிங்கை நீயே திருப்பு என்றேன்.
இடது பக்கம், கடைசி வரை.
ஹோஸ் துணி காயப்போடும் கொடியாக விறைத்தது.
குனிந்து விரலால் சுண்டினாள்.
டிங்.
ரப்பர் அப்படிச் சத்தம் போடக் கூடாது
என்பதை யாரும் சொல்லித்தரத் தேவையிருக்கவில்லை.
"நீளமானதையே போடு. ஆனால் கறுப்பு."
ஹெடர் விஷயம் மூன்று விரலில் முடிந்தது, நடுவில் ஒரு தகடு.
அவளுக்கும் திருப்தியில்லை, எனக்கும் இல்லை.

காற்று எடுக்க ஒரு கால் வேண்டும்.
தில் பகதூர் கரக் டீ வாங்கப் போயிருந்தான்.
செருப்பைக் கழற்றிவிட்டு அவளே ஏறினாள்.
சீட் வரவில்லை, கவிழ்த்த பெயின்ட் வாளி.
"தூஸ்" என்றேன். மிதித்தாள்.
பிடித்துக்கொள் என்பதற்கு அரபி சட்டென்று வரவில்லை.
"பிடி" என்றேன். பிடித்தாள்.
தூஸ், பிடி. தூஸ், பிடி.
மூன்றாவது முறை நான் வாய் திறக்கும் முன்
மேலிருந்து அவள் குரல்: "பிடி."
படுத்திருக்கும் எனக்குத் தெரிவது ஒரு குதிகால்.
அது அமுக்கும் எடை
ஏழடி குழாயைக் கடந்து
என் ஸ்பானரில் வந்து துடித்தது.
பாட்டிலில் குமிழ், குமிழ், நுரை,
ஒரே ஒரு குமிழ்,
பிறகு வெறும் எண்ணெய்.

மறுநாள் பின்தெருவில் முப்பதில் போய் மிதித்தாள்.
எந்தப் பக்கமும் இழுக்காமல் நின்றது வண்டி.
இரும்புக் கடை வாசலில் இருந்தவர்கள்
பெயின்ட்டைப் பற்றி மட்டும் பேசினார்கள்.

அந்த நட்டை நான் பயன்படுத்தவில்லை.
தில் பகதூர் அதை என் சாவிக்கொத்தில் கோத்துவிட்டான்.
ரூம் கதவைத் திறக்கும்போதெல்லாம்
சாவிக்கு முன்னால் அதுதான் கையில் வருகிறது.