உள்ளே வலை இல்லாத ஒயர்

புளியந்தோப்பு ஜபருல்லா கடையில்
பத்து வாட்ஸ் பெட்டி ஒன்று.
மூலையில் யாரோ ஒட்டி, பாதி கிழித்த மாதா ஸ்டிக்கர்.
"கிட்டாருக்குத்தானே?"
"இல்லண்ணே, யுகுலேலே."
"அதான், குட்டி கிட்டாரு."
விட்டுவிட்டேன். நாலு நரம்புக்கு யாரோடு சண்டை.

இருபது வாட்ஸ் எடு என்றார்.
கீழ்வீட்டு புளோரா அக்காவுக்கு ராத்திரி டூட்டி,
பகலில்தான் தூக்கம். பத்தே போதும்.

யுகுலேலே வயிற்றிலிருந்த பேட்டரியை
நாக்கில் வைத்துப் பார்த்து
"உயிர் இருக்கு" என்றார்.

ஒயரில்தான் குழப்பம்.
நூற்றைம்பதுக்கு ஒன்று, எழுநூறுக்கு ஒன்று,
இரண்டும் கறுப்பு, இரண்டும் ஒரே தடிமன்.
மலிவானதைச் செருகியதும்
உம்ம்ம் என்றது பெட்டி,
மழைக்கு முந்தைய டிரான்ஸ்பார்மர் மாதிரி.
அந்த உம்முக்குள் ஒரு குரல்:
"எஞ்சின் நின்னுபோச்சு... எஞ்சின் நின்னு..."
காசிமேட்டுப் படகா,
எதிர்வீட்டு டிவி நாடகமா?
ஜபருல்லா சுவிட்சை அணைத்தார்.
"உள்ள வலை பின்னல.
அதான் எல்லாத்தையும் பிடிக்குது."

எழுநூறைச் செருகினேன்.
ஒரு சத்தமில்லை.
மீட்டினால்,
மூன்றாம் நரம்பில் என் விரல் வழுக்கியது மட்டும்
அவ்வளவு சுத்தமாக.

பத்து அடி போதும் என்றார்.
வீட்டில் பிளக் பாயின்ட் ஃப்ரிட்ஜுக்குப் பின்னால்,
எனக்குக் காற்று பால்கனியில்.
இருபது அடி கேட்டேன்,
இருநூறு கூட.

பஸ்ஸில் பெட்டிக்கு லக்கேஜ் போட்டார் கண்டக்டர்.
மடியில்தானே இருக்கு என்றேன், கேட்கவில்லை.
பேசின் பிரிட்ஜ் தாண்டியும்
அதே யோசனை:
அந்த எஞ்சின் கிளம்பிவிட்டதா?