நாற்பத்தேழு

பீடோர் ஆலையில் செம்பனைக் குலை
தரம் பார்க்கிறவள் நான்.
லோரி கொட்டும் பத்து டன்னில்
சிலதைப் புரட்டினால் போதும்.
பழுத்தது, காய், அழுகல்
எழுதிக் கையெழுத்துப் போடுவேன்.

நான்காவது கீமோவுக்குப் பிறகு
பேனா இருப்பது விரலுக்குத் தெரியவில்லை.
ஐஸ்பெட்டியைத் தொட்டால் மட்டும்
கரண்ட் அடிக்கிறது.
செருப்பு கழன்று விழுந்ததை
வங்காளதேசத்துப் பையன்
ஓடிவந்து கொடுத்த பிறகுதான் பார்த்தேன்.

ஈப்போவிலிருந்து வரும் யோகமலர்
ஒவ்வொரு மருந்துக்கும் முன்னால்
ஊதா மூடிக் குழாயில் இரத்தம் எடுக்கிறாள்.
ஆயிரக்கணக்கில் புரதங்களாம்,
எது ஏறுகிறது எது இறங்குகிறது என்று
கணக்கு வைக்கிறார்களாம்.
யாருக்கு நரம்பு மரத்துப்போகும் என்பது
முதல் குழாயிலேயே இருந்திருக்கலாமாம்.

“அப்போ என் முதல் குழாயில?”

குனிந்து லேபிள் ஒட்டினாள்.
பேர் இல்லை. நாற்பத்தேழு.
“இன்னும் தெரியலக்கா.
தெரிஞ்சாலும் உங்களுக்கு உதவாது,
பின்னால வர்றவங்களுக்குத்தான்.”

பிடித்திருந்தது.
புரட்டிப் பார்க்காத குலைக்குப்
பழுத்தது என்று எழுதுகிற ஆட்களோடு
பதினோரு வருசம் வேலை செய்திருக்கிறேன்.

மற்ற கையை நீட்டினேன்.
சுருக்.
முழங்கை இன்னும் என்னுடையதுதான்.

திங்கட்கிழமை எட்டு லோரி வருகிறது.