தொலைந்தவை பட்டியல்

மாவட்ட அலுவலகத்திலிருந்து ஒரு படிவம்.
சிறுவரும் வளரிளம் பருவத்தினரும்
விரும்பி வாசிக்கும் நூல்கள், வகைவாரியாக.
கட்டங்கள் நான்கு:
நீதிக்கதை, அறிவியல், தலைவர்கள் வரலாறு, இதர.
வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டுமாம்.

கொருக்குப்பேட்டையில் ரயில்வே கேட் போட்டால்தான்
எங்கள் கிளை நூலகத்துக்குக் கூட்டம்.
கூட்ஸ் வண்டி நகரும்வரை
சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு
ஃபேனுக்கு நேராக வந்து உட்காருவார்கள்.
ஃபேனுக்கு அடியில் எந்த அலமாரியோ
அதுதான் விரும்பி வாசிக்கப்படும் அலமாரி
என்று எழுதினால் ஒப்புக்கொள்வார்களா?

டில்லிபாபு, எட்டாவது.
ஜப்பான்காரர்களின் படக்கதை தவிர எதையும் தொடமாட்டான்.
வலமிருந்து இடம் புரட்டத் தெரியும் என்று
ஒரு மாதம் அலட்டிக்கொண்டிருந்தான்.
தமீமா எட்டிப் பார்த்தாள்.
"எங்க அரபி கிளாஸ் மாதிரியே கீது. இதுல இன்னா கஷ்டம்?"
இப்போது அவனுக்கு இரண்டு பாகம் முன்னால் ஓடுகிறாள்,
கதையைச் சொல்லிவிடுவேன் என்று மிரட்டியபடி.

ரெபேக்காவுக்குக் கொலை வேண்டும்.
பத்துப் பக்கத்துக்குள் பிணம் விழாவிட்டால்
புத்தகம் என் மேசைக்குத் திரும்பிவிடும்.
"இன்னா சார், எல்லாரும் உயிரோட கீறாங்க."

லோகேஸ்வரி புத்தகமே எடுப்பதில்லை.
அம்மாவின் போனில் தொடர்கதை படிக்கிறாள்.
நாயகனுக்குப் பெங்களூரில் ஏழு கம்பெனி,
முந்நூறு அத்தியாயமாக அவன் சிரித்ததில்லை.
சார்ஜ் போட மட்டும் இங்கே வருவாள்.
இவளை எந்தக் கட்டத்தில் போட?

புஷ்பராஜ் மூன்று மாதமாகப் புதுப்பிப்பது
டீசல் எஞ்சின் பழுதுபார்க்கும் கையேடு.
ஐ.டி.ஐ. சேரப் போறியா என்றேன்.
"இல்ல சார். சும்மா,
ஒண்ணொண்ணா பிரிச்சுக் காட்றான், நல்லாகீது."

நீதிக்கதை அலமாரியில் போன வருடம் அசைந்தது
ஒரே ஒரு புத்தகம்.
ஜன்னல் அடித்துக்கொள்ளாமலிருக்க நான்தான் எடுத்து முட்டுக் கொடுத்தேன்.

செவ்வாய்க்கிழமை மழையில்
ரெபேக்காவின் பை சரிந்து ஒன்று விழுந்தது.
மூன்றாம் பாலத்துப் பேய்.
நான்கு வருடம் முன்பு
'தொலைந்தவை'யில் சிவப்பு மையால் எழுதி
நாற்பத்தைந்து ரூபாய் கைக்காசு கட்டிய புத்தகம்.

அட்டை போய், சேமியா பெட்டியில் வேறு அட்டை.
தூண்டில் நரம்பால் தையல்.
கடைசிப் பக்கத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு
பெயர், தெரு, எடுத்த நாள், தந்த நாள்.
எழில் நகர், நேதாஜி நகர், சேணியம்மன் கோயில் தெரு,
இந்தப் படியே ஏறாத இருபத்து மூன்று பேர்.
மேலே கொட்டை எழுத்தில்:
லேட்டானா ஒரு நாளைக்கு ரெண்டு தேன்மிட்டாய்.

அறுபத்தோராம் பக்கம் எப்போதோ கிழிந்திருக்கிறது.
படித்த எவனோ நினைவிலிருந்து
நோட்டுத் தாளில் எழுதி ஒட்டியிருக்கிறான்.
அதன் கீழே இன்னொரு கையெழுத்து:
இப்டி இல்ல. பேய் கேட்டுக்கு அந்தாண்ட நிக்கும்.
வண்டி போனப்புறம்தான் தெரியும்.
அதற்கும் கீழே மூன்றாவதாக ஒருத்தி:
வண்டி போகவே போகாது.

நான் வாசித்ததில்லை அந்தப் புத்தகத்தை.
முத்திரை குத்தியிருக்கிறேன், அவ்வளவுதான்.
நின்றபடியே நாற்பது பக்கம் போய்விட்டேன்.
ரெபேக்கா கையை நீட்டிக்கொண்டு நின்றாள்.

"நான் எடுத்துட்டுப் போய் நாளைக்குத் தரட்டுமா?"

"உங்களுக்கு முன்னாடி நாலு பேர் கீறாங்க சார்."

பென்சிலை நாக்கில் தொட்டு
இருபத்தெட்டாவதாக என் பெயரை எழுதினாள்,
ஒரு புள்ளி விட்டுப்போய்.
எப்போது கிடைக்கும் என்று கேட்பதற்குள்
கேட் திறந்துவிட்டார்கள்.
சைக்கிள் மணிச் சத்தம்.
ஒருவரும் இல்லை.
ஃபேன் காற்றில் படபடக்கிறது
நான்கு கட்டம் போட்ட தாள்.